சார் மூஞ்சிக்குப் பின்னாடி என்ன இருக்கு?

பதிவு எழுதி ஏழெட்டு மாசம் ஆச்சு. ஆணி அதிகம்னு எல்லாரும் சொல்ற காரணத்தையே நானும் சொல்லிக்கறேன். இன்னிக்கு எழுத வெச்சது ஒரு நோட்டுப்புத்தகத்தோட போட்டோ.

முதல்ல கதையைச் சொல்லிடறேன், சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்.

கோபாலபுரத்துல எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு சார் இருக்கார். அக்கவுண்ட்ஸ்ல முப்பத்தஞ்சு வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவர். சாயங்காலம் மாடியில பி.காம் பசங்களுக்கு டாலி சொல்லித் தருவார். அவ்வை சண்முகம் சாலையில (எங்கப்பா கடைசி வரைக்கும் லாயிட்ஸ் ரோடுன்னுதான் சொன்னார்) பஸ் இறங்கி, அந்த மாடிக்கு வழி கேட்டுக்கிட்டு வர்ற பசங்களை நான் பல வருஷமா பார்க்கறேன். 2020 லாக்டவுன்ல கிளாஸ் நின்னுபோச்சு. "வீடியோவா போட்டுடலாம் சார், எடிட்டிங் நான் பார்த்துக்கறேன்"னு வலியப் போய் தலையைக் குடுத்தேன். ஓபிஎஸ் போட்டு, மைக் வாங்கி, மொத்தம் நாப்பது வீடியோ. திரையில டாலி, வலது கீழ் ஓரத்துல வட்டமா சாரோட முகம்.

அந்த முகம் அங்க வந்தது என்னாலதான். அவருக்கு ஆரம்பத்துலயே இஷ்டம் இல்லை. "ஏம்ப்பா, பில் போடறதைப் பார்க்க வர்றாங்களா, என் மூஞ்சியைப் பார்க்க வர்றாங்களா?"ன்னு கேட்டார். "இப்ப எல்லாரும் இப்படித்தான் சார் போடறாங்க"ன்னு வாயை அடைச்சுட்டேன்.

நிற்க. போன மாசம் விழுப்புரம் பக்கத்துல ஒரு ஊர்லேர்ந்து ஒரு பொண்ணு வாட்ஸப்ல செய்தி அனுப்பியிருந்தது. வீட்டுல கம்ப்யூட்டர் கிடையாது. போன்ல வீடியோவை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு திரையையும் நோட்டுல பென்சிலால வரைஞ்சு வெச்சு டாலி கத்துக்கிட்டிருக்கு. நாப்பது வீடியோவும் அப்படியே. மெனு, கட்டம், எஃப்8 அழுத்தினா சேல்ஸ், எஃப்9 அழுத்தினா பர்ச்சேஸ், எல்லாம் அச்சு மாதிரி இருக்கு. ஆனா ஒவ்வொரு படத்துலயும் வலது கீழ் ஓரத்துல ஒரு வட்டம். வட்டத்துக்குள்ள "சார்"னு எழுதியிருக்கு.

கீழ ஒரு கேள்வி: "அண்ணா, சார் மூஞ்சிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு சொல்லுங்களேன்."

டாலி தெரிஞ்சவங்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். வவுச்சரை அடிச்சு முடிச்சதும் "அக்செப்ட்? யெஸ் ஆர் நோ"ன்னு ஒரு சின்னப் பெட்டி வரும் பாருங்க, அது வர்றது வலது கீழ் ஓரத்துலதான். பட்டன்கள் வரிசையா நிக்கறதும் வலது பக்கம்தான், எஃப்12 அதுல அடியில. அதாவது ஒவ்வொரு என்ட்ரியும் எந்த இடத்துல முடிவாகுதோ, சரியா அந்த இடத்துல சாரோட மூக்கு. சார் வாயால "இங்க யெஸ் குடுத்துடுங்க"ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்றார். எங்கன்னுதான் தெரியாது.

அந்தப் பொண்ணு ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்கு வேலை கேட்டுப் போயிருக்கு. "ஒரு சேல்ஸ் என்ட்ரி போட்டுக் காட்டும்மா"ன்னு சொல்லியிருக்காங்க. கடகடன்னு போட்டிருக்கு. கடைசியில நோட்டுல இல்லாத ஒரு பெட்டி முளைச்சதும், ஏதோ தப்பாப் போச்சுன்னு பயந்து எஸ்கேப்பை அழுத்தியிருக்கு. பெட்டி போச்சு. மறுபடி எஸ்கேப். இப்ப "க்விட்?"னு இன்னொரு பெட்டி. என்டர் தட்டினதும் போட்ட என்ட்ரி மொத்தமும் காணோம். அவங்க ஒண்ணும் திட்டலையாம். "பிராக்டிஸ் பண்ணிட்டு வாம்மா"ன்னு அனுப்பிட்டாங்களாம்.

ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கலை. மூணாவது நாள் கோவம் வந்தது. கோவத்துல பாதி என் மேலயே. மீதிப் பாதியை உங்க மேல இறக்கத்தான் இந்தப் பதிவு. ஏன்னா ஒரு காலத்துல இங்க பதிவெழுதி, பின்னூட்டத்துல கும்மியடிச்சுக்கிட்டிருந்த மக்கள்ல பாதிப் பேர் இப்ப யூடியூப்ல எக்ஸெல், பைதான், போட்டோஷாப்னு பாடம் நடத்தறீங்க. பத்துக்கு எட்டுல ஓரத்துல உங்க முகம். பார்த்துக்கிட்டுதான் இருக்கேன் :-)

இந்த வழக்கம் எங்கேர்ந்து வந்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா? கேம் விளையாடறதை நேரலையா காட்டறவங்ககிட்டேர்ந்து. 2011-ல ட்விட்ச் வந்தப்புறம் அது ஒரு ஊராவே வளர்ந்தது. அங்க முகம் நியாயமா வேணும். எதிரி திடீர்னு சுட்டா விளையாடறவன் அலறுவான், அதைப் பார்க்கத்தான் கூட்டமே வருது. இப்போ சொல்லுங்க, ஜிஎஸ்டி லெட்ஜர் திறக்கும்போது நம்ம சார் என்ன அலறப் போறார்? ரெண்டு மணி நேர வீடியோவுல அவர் முகத்துல மாறினது ஒண்ணே ஒண்ணு, கண்ணாடியை ஒருதரம் துடைச்சுப் போட்டுக்கிட்டார்.

அப்புறம் லாக்டவுன் வந்தது, ஜூம் வந்தது. திரையைப் பகிர்ந்தா மூலையில பேசறவர் முகம். ஊரே ரெண்டு வருஷம் அதைப் பார்த்துப் பழகி, பாடம்னாலே இப்படித்தான் இருக்கணும்னு நினைச்சுடுச்சு.

முகம் வேணும்னு சொல்றவங்க கட்சியையும் சொல்லிடறேன், இல்லாட்டி உள்குத்துன்னு சொல்லுவீங்க. "முகம் தெரிஞ்சாத்தான் நம்பிக்கை வரும், மனுஷன் சொல்லித் தர்ற உணர்வு வரும்." உண்மைதான், மறுக்கலை. 2014-ல ஸ்டான்ஃபோர்டுல ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க. ஸ்லைடும், கூடவே பேசறவர் முகமும் இருக்கற வீடியோவைப் போட்டு, பார்க்கறவங்க கண்ணு எங்க போகுதுன்னு கருவி வெச்சுக் கணக்கெடுத்தாங்க. நேரத்துல சுமார் 41 சதவீதம் முகத்துல. சராசரியா 3.7 நொடிக்கு ஒருதரம் கண்ணு ஸ்லைடுக்கும் முகத்துக்கும் நடுவுல தாவுது. அப்புறம் நினைவுல எவ்வளவு நின்னுதுன்னு சோதிச்சா, முகம் இருந்தாலும் இல்லாட்டியும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா முகம் இருக்கற வீடியோதான் பிடிச்சிருக்குன்னு சொல்லியிருக்காங்க.

"பார்த்தியா, நஷ்டம் ஒண்ணும் இல்லையே"ன்னு குதிக்காதீங்க. அது ஸ்லைடு. ஸ்லைடு அசையாம நிக்கும். அதுல முகத்துக்குன்னு இடம் விட்டு முன்கூட்டியே தயார் பண்ணலாம். நாம காட்டறது ஓடிக்கிட்டிருக்கற ஒரு மென்பொருள். அதுல எந்த இடம் எப்போ முக்கியமாகும்னு மென்பொருள்தான் தீர்மானிக்கும், நாம இல்லை. 3.7 நொடி முகத்தைப் பார்த்துட்டுத் திரும்பறதுக்குள்ள சார் மூணு கட்டம் தாண்டியிருப்பார்.

அதே 2014-ல எட்எக்ஸ் வீடியோக்களை வெச்சு இன்னொரு ஆய்வு வந்தது. 862 வீடியோ, 69 லட்சம் தடவை ஜனங்க பார்த்த பதிவுகள். வெறும் ஸ்லைடை விட, பேசறவரோட முகமும் ஸ்லைடும் மாறி மாறி வர்ற வீடியோக்களை ஜனங்க அதிக நேரம் பார்க்கறாங்க. கவனிச்சீங்களா? மாறி மாறி. முழு முகம் கொஞ்ச நேரம், முழுத் திரை கொஞ்ச நேரம். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல ஆரம்பிச்ச என்பிடெல் வீடியோக்கள், நம்ம அடையாறு பக்கம் எடுத்தது உட்பட, பழசுல பலது இப்படித்தான் இருக்கும். ஆளைக் காட்டினா ஆள், ஸ்லைடைக் காட்டினா ஸ்லைடு. லைட்டிங் மொக்கையா இருக்கும், சட்டை கலர் கண்ணைக் குத்தும். ஆனா எதுவும் எதையும் மறைக்காது.

சரி, இப்ப என் சொந்த ஏரியாவுக்கு வர்றேன். எடிட்டிங். முகம் எதையாவது மறைக்குதுங்கறது பாதிப் பிரச்சினைதான். அது வெட்டவே விடாதுங்கறதுதான் இன்னொரு பாதி. இதை எடிட் பண்றவங்களைத் தவிர யாரும் பேசறது இல்லை.

வெறும் திரையும் குரலும் மட்டும் இருந்தா எடிட்டருக்கு ராஜபோகம். சார் இருமினா அந்த இடத்தை வெட்டிடலாம், திரை அசையாம இருக்கறதால யாருக்கும் தெரியாது. ரிப்போர்ட் திறக்க நாப்பது நொடி ஆகுதா, நாலு நொடியாச் சுருக்கலாம். விளக்கம் நீளமா இருந்து திரை சட்டுனு மாறிட்டா, அந்த பிரேமை அப்படியே உறைய வெச்சு நீட்டலாம். ஒரு வாக்கியம் தப்பாச் சொல்லிட்டாரா, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மறுபடி பேசச் சொல்லி ஒட்டிடலாம். பார்க்கறவங்களுக்கு வழுக்கிக்கிட்டுப் போகும்.

ஓரத்துல முகத்தை வெச்சுட்டா இதுல ஒண்ணும் நடக்காது. வெட்டினா தலை டப்புனு எகிறும். வேகமா ஓட்டினா சார் பழைய ஊமைப்படம் மாதிரி தலையாட்டுவார். உறைய வெச்சா வாய் பாதி திறந்தபடி சிலையா நிப்பார், குரல் மட்டும் ஓடும். குரலை மாத்தினா உதடு ஒட்டாது. அதனால என்ன பண்றோம்? விட்டுடறோம். நாப்பது நொடி காத்திருப்பும் இருமலும், "எங்க விட்டேன், ஆங்..."கும் வீடியோவுல அப்படியே கிடக்கும். ஆறு நிமிஷப் பாடம் பதினெட்டு நிமிஷம் ஆகும். டேட்டா பேக் போட்டு உக்காந்து பார்க்கற பொண்ணு அதை முழுசாப் பார்த்துத்தான் ஆகணும்.

இதுல என்னை மாதிரி ஆரம்பக்காரங்க பண்ற பெரிய தப்பு ஒண்ணு. ஓபிஎஸ்-ல திரையையும் கேமராவையும் ஒரே காட்சியில அடுக்கி ரெக்கார்டை அழுத்திடுவோம். வர்றது ஒரே ஃபைல். முகம் படத்தோட படமா கரைஞ்சுபோச்சு. சாம்பார்ல போட்ட உப்புதான், அப்புறம் எடுக்க முடியாது. கேம்டேசியா மாதிரி காசு குடுத்து வாங்கறதுல திரை தனி, கேமரா தனின்னு ரெண்டு டிராக்கா வரும், வேணாம்னா ஒண்ணை அணைச்சுடலாம். ஓபிஎஸ்-லயும் தனித்தனியா எடுக்க பிளகின் இருக்கு. இல்லாட்டி போனை ஸ்டாண்டுல வெச்சு முகத்தைத் தனியா எடுங்க, ஆரம்பத்துல ஒருதரம் கையைத் தட்டுங்க, அந்தச் சத்தத்தை வெச்சு ரெண்டையும் பொருத்திக்கலாம். ஒரு எச்சரிக்கை: போன் நொடிக்கு இத்தனை பிரேம்னு நிலையா எடுக்காது, கூட்டிக் குறைச்சு எடுக்கும். முதல் நிமிஷம் பொருந்தின உதடு இருபதாவது நிமிஷம் விலகி நிக்கும். ஹேண்ட்பிரேக்ல போட்டு நிலையான பிரேம் வேகத்துக்கு மாத்திட்டு எடிட்டருக்குள்ள கொண்டு வாங்க. வெப்கேமும் இருட்டுல இதே சேட்டை பண்ணும். வெளிச்சம் பத்தலைன்னா ஒவ்வொரு பிரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கிட்டு, முப்பதுல ஓடினது பதினைஞ்சுக்கு இறங்கிடும். எங்க சார் மாடி ரூமுல ஒரு ட்யூப்லைட்தான். பட்டு அனுபவிச்சேன்.

நாம எல்லாம் பெரிய மானிட்டர்ல எடிட் பண்ணி, பெரிய மானிட்டர்லயே பார்த்துட்டு "சூப்பர்"னு ஏத்திடறோம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஆறரை இஞ்ச் போன். படுக்க வெச்சா உயரம் ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. 1080 புள்ளி உயர வீடியோவுல 18 புள்ளி உயர எழுத்து அங்க ஒரு மில்லிமீட்டர்தான் வரும். அந்தக் கையளவு இடத்துல ரெண்டரை சென்டிமீட்டர் வட்டம் சாருக்கு. டாலியோட எல்லா எழுத்தும் எறும்பு, சார் மட்டும் எட்டணா காசு. காது கேக்காதவங்க உதடு பார்த்துப் புரிஞ்சுக்க உதவும்னு ஒரு நண்பர் சொன்னார். நியாயமான கவலை. ஆனா அந்த வட்டத்துல உதடு எத்தனை மில்லிமீட்டர்னு அளந்து பாருங்க. அவங்களுக்குக் கைகுடுக்கறது ஒழுங்காப் போட்ட சப்டைட்டில். சைகை மொழியில சொல்றவரை ஓரத்துல காட்டறது வேற விஷயம். அங்க அவர்தான் பாடத்தோட குரல், அவருக்குப் பெரிய இடமே குடுக்கணும்.

முகமே இல்லாம ஓடாதுன்னு சொல்றவங்களுக்கு ரெண்டு உதாரணம். சல்மான் கான் 2006-ல யூடியூப்ல ஏத்த ஆரம்பிச்ச கணக்குப் பாடங்கள்ல கறுப்புப் பலகை, கலர் எழுத்து, ஒரு குரல், அவ்வளவுதான். அதுலேர்ந்துதான் கான் அகாடமி வந்தது. ரெண்டாவது நம்ம நாட்டுது, ஐஐடி மும்பையோட ஸ்போக்கன் டுடோரியல். பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா தலைமையில ஆரம்பிச்சது. லிப்ரேஆபீஸ், சைலாப், பைதான், பிஎச்பின்னு சுமார் பத்துப் பத்து நிமிஷ ஸ்க்ரீன்காஸ்ட். யார் முகமும் கிடையாது. தமிழ்நாட்டுல ஏகப்பட்ட காலேஜ் பசங்க அதுல படிச்சிருக்காங்க. வீடியோவைத் திரையில ஒரு பக்கம் சின்னதா வெச்சுக்கிட்டு, பக்கத்துலயே மென்பொருளைத் திறந்து கூடவே செஞ்சு பார்க்கணும்ங்கறதுதான் அவங்க முறை. அப்படிச் சின்னதா வெச்சாலும் தெரியணும்னா, தேவையில்லாதது எதுவும் திரையில இருக்கக் கூடாது.

அதைவிடப் பெரிய லாபம் மொழி. ஸ்கிரிப்டை நேரக் குறிப்போட எழுதி, மொழிபெயர்த்து, குரலை மட்டும் மாத்துவாங்க. திரை இங்கிலீஷ்லயே இருக்கும், பேச்சு தமிழ்ல வரும். அதே படம் இந்தியில, மலையாளத்துல, அஸ்ஸாமியில. முகம் இருந்திருந்தா இது ஒண்ணும் நடந்திருக்காது, உதடு ஒரு மொழியும் காது ஒரு மொழியும் பேசற டப்பிங் படமாயிருக்கும். நம்ம தமிழ் வீடியோக்களை நாளைக்கு ஒருத்தர் தெலுங்குல சொல்லணும்னு நினைச்சா, முதல் தடை நம்ம மூஞ்சிதான்.

எனக்கு ரொம்ப உறுத்தற இன்னொரு விஷயம். முகம் கட்டாயம்னு ஆனதும் சொல்லித்தர வர்ற ஆளே மாறிடறாங்க. ரிங் லைட், பின்னாடி செடி, ஸ்டைலா ஒரு அலமாரி வெச்சிருக்கறவங்க முன்னாடி வர்றாங்க. விஷயம் தெரிஞ்சு, முகம் காட்டக் கூச்சப்படறவங்க ஒதுங்கிடறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, எக்ஸெல்ல பிவட் டேபிளை அவங்க மாதிரி யாரும் சொல்லித் தந்து நான் பார்த்ததில்லை. மூணே வீடியோ போட்டாங்க. கமெண்ட்ல ஒருத்தனும் பிவட் டேபிள் பத்திக் கேக்கலை. புடவை, கலர், வயசு, இதுதான். நாலாவது வரவே இல்லை. "முகத்தை எடுத்துட்டுப் போடுங்கக்கா"ன்னேன். "முகம் இல்லாட்டி வியூஸ் வராதுன்னு எல்லாரும் சொல்றாங்களேப்பா"ன்னாங்க. அந்த "எல்லாரும்"ல நானும் ஒருத்தன்.

அதுக்காக முகத்தைக் காட்டவே கூடாதுன்னு தடை போடச் சொல்லலை. ஆரம்பத்துல அரை நிமிஷம் முழுத் திரையில வாங்க. வணக்கம் சொல்லுங்க, இன்னிக்கு என்ன பாடம்னு சொல்லுங்க, போயிடுங்க. நடுவுல ஒரு கருத்தை விளக்கணும், டெபிட்னா என்ன, கிரெடிட்னா என்னன்னு சொல்லணும், திரையில வேலை இல்லை, அப்போ மறுபடி முழுசா வாங்க. கையை ஆட்டுங்க, சிரிங்க. மௌஸைத் தொட்டதும் மறைஞ்சுடுங்க. மறையற இடம்தான் எடிட்டருக்குக் கத்தி வைக்கிற இடமும். இல்லை, ஓரத்துல இருந்தே ஆவேன்னா, திரையைக் கொஞ்சம் சுருக்கி முகத்துக்குன்னு தனியாப் பக்கவாட்டுல ஒரு பட்டை விடுங்க. இப்ப வர்ற போனெல்லாம் நீளமா இருக்கறதால வழக்கமான வீடியோவுக்கு ரெண்டு பக்கமும் கறுப்புதான் விழுது. வீடியோவையே கொஞ்சம் அகலமாப் பண்ணி அந்த இடத்துல போய் உக்காரலாம். டிவியில பார்த்தா மேலயும் கீழயும் கறுப்பு விழும், அதைப் பொறுத்துக்கலாம். ஏத்தறதுக்கு முன்னாடி போன்ல ஒருதரம், வெயில்ல நின்னு பாருங்க.

நோட்டு போட்டோவை சார்கிட்ட காட்டினேன். கண்ணாடியைக் கழட்டிட்டுப் பக்கத்துல வெச்சுப் பார்த்தார். வட்டத்துக்குள்ள "சார்"னு இருந்ததைப் பார்த்து முதல்ல சிரிச்சார். அப்புறம் சிரிக்கலை. "நாப்பதுலயும் இப்படியா?"

"நாப்பதுலயும் சார். ஒரே ஃபைல். முகத்தைத் தனியா எடுக்க முடியாது."

என்னைத் திட்டுவார்னு நினைச்சேன். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வா, மோட்டார் போடறதுக்கு முன்னாடி"ன்னார்.

இதுவரைக்கும் பதினொண்ணு மறுபடி எடுத்தாச்சு, வெறும் திரையும் குரலும். பதினெட்டு நிமிஷ வீடியோ ஏழு நிமிஷத்துல முடியுது. பழைய வீடியோக்களுக்குக் கீழ, அந்தப் பெட்டி எங்க வரும், அதுல என்ன இருக்கும்னு எழுதி வெச்சிருக்கேன், கண்ட்ரோல்+ஏ அழுத்தினா பெட்டியே வராம சேவ் ஆகும்ங்கறதையும் சேர்த்து. முதல் புது வீடியோவை அந்தப் பொண்ணுக்குத்தான் அனுப்பினேன். அரை மணி நேரம் கழிச்சு பதில் வந்தது.

"அவ்ளோதானாண்ணா? யெஸ்ஸா நோவான்னு கேக்குது, அவ்ளோதானா?"

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு "உன் சேனல் லிங்க் குடு"ன்னு கேக்காதீங்க. மீதி இருபத்தொம்போதும் முடியட்டும், தரேன். அதுக்கு முன்னாடி உங்க கடைசி வீடியோவைப் போன்ல திறந்து, உங்க வட்டத்துக்கு அடியில என்ன இருக்குன்னு பார்த்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க.